அத்தையிடம் வந்த பழுப்பு உறை

தொண்ணூறுகளின் நடுவில், ஐந்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் எனக்கு ஒற்றர் பைத்தியம் பிடித்திருந்தது. ஒற்றன், வேவுகாரன், உளவாளி என்று அகப்பட்ட சொற்களையெல்லாம் நோட்டில் எழுதிவைத்தேன். சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கும்போது எங்கள் ஊருக்கு ஓர் உளவாளியாவது வராமலா இருப்பான்?

அப்பாவின் தங்கையான என் அத்தை தினமும் பஸ்ஸேறி கோவை ஆர்.எஸ்.புரத்துக்குத் தட்டச்சு வகுப்புக்குப் போவாள். துணைக்கு என்னை அனுப்பினார் அப்பா. "அத்தை யாருகூடப் பேசுனாலும் எங்கிட்ட வந்து சொல்லோணும், கண்ணு," என்றார். அதைவிடப் பெரிய உத்தியோகம் எனக்கு வேறென்ன வேண்டும்?

ஒற்றனுக்கும் உளவாளிக்கும் என்ன வித்தியாசம் என்று பஸ்ஸில் அத்தையிடம் கேட்டேன். "ஒற்றன் ராசா காலத்துல இருந்தவன். உளவாளி இப்ப இருக்கறவன். பாத்தா ஒண்ணும் தெரியாது, நம்ம கூடவேதான் இருப்பாங்க," என்று சிரித்தாள். அதன்பிறகு நான் பஸ்ஸில் தூங்கவே இல்லை.

மூன்றாம் நாள் ஆள் சிக்கினான். கட்டம்போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி. வகுப்பு வாசலில் அத்தையிடம் ஒரு பழுப்பு உறையை நீட்டிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே போனான். அன்று அத்தை தட்டச்சுப்பொறிப் பக்கமே போகவில்லை. உறையிலிருந்த தாளில் எதையோ எழுதி, எதையோ ஒட்டி, மறுபடி உள்ளே வைத்தாள்.

"ஊட்ல சொல்லாத கண்ணு," என்றாள்.

அவள் குரலில் இருந்த பயம் எனக்குப் போதும். அவன் அத்தையை மிரட்டுகிறான். காப்பாற்றியாக வேண்டும். சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா சத்தம் போடவில்லை. அத்தையின் பையை வாங்கிக் கவிழ்த்தார். உறை விழுந்தது.

"ஏனுங்கண்ணா, பிரிச்சாச்சும் பாருங்க," என்று அத்தை கையை நீட்டினாள்.

பிரிக்காமலே நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "நாளையிலிருந்து நீ எங்கயும் போக வேண்டாம், அம்மணி."

ஒருவரும் பார்க்காதபோது துண்டுகளைச் சேர்த்துவைத்துப் படித்தேன். மேலே, தட்டச்சர் வேலைக்கான விண்ணப்பம் என்று அச்சிட்டிருந்தது. அத்தையின் புகைப்படம், பிறந்த தேதி, கையெழுத்து. மூலையில் கடைசித் தேதி. அதற்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. இவ்வளவு விவரமும் எதிரி கையில் போனால் அத்தை கதி என்ன? வெந்நீர் அடுப்பில் போட்டுச் சாம்பலாகும்வரை நின்றேன்.

மறுநாள் காலை அத்தை குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். காதருகே போய், "எரிச்சுப்போட்டனுங்க அத்தை. இனி ஒருத்தராலயும் கண்டுபுடிக்க முடியாது," என்றேன்.

அத்தை கூடையை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, "செரி கண்ணு," என்று சொல்லிக் குப்பையை அள்ளத் தொடங்கினாள்.

ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்றுதான் அன்று எனக்கு வருத்தமாக இருந்தது.