இருபது லட்சம் ஸ்லொட்டித் தாள்

என் தையல் பெட்டியில், பொத்தான்களுக்கு நடுவே, போலந்து நாணயம் ஒன்று கிடக்கிறது. ஒரு ஸ்லொட்டி. பொத்தான் தேடும்போதெல்லாம் மகள் அதை எடுத்து, இது எவ்வளவு என்று கேட்பாள். இருபத்தைந்து பென்ஸ் வரும் என்பேன். மிச்சத்தையும் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிடுவேன்.

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் எங்களுக்கு மேல்வீட்டில் இருந்த போலந்து அக்கா தந்தது அது. ஞாயிறு பூசையில் பழக்கமானவர். அவருடைய கணவர் லண்டன்காரர். வேலை போனதிலிருந்து வீட்டிலேயே இருந்தார். முதலில் கதிரை விழும் சத்தம் கேட்கும், பிறகு அக்கா விழும் சத்தம். எங்கள் விளக்கு ஆடும். பொலிஸ் ஒருமுறை வந்து வாசலில் பேசிவிட்டுப் போனது. அவர் வெளியே போகும் ஒரு பகல் கிடைத்தால் லீட்ஸில் இருக்கும் தங்கையிடம் ஓடிவிடுவேன் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

குப்பை போட இறங்கிய ஒருநாள் அக்கா, இறந்துபோன தன் தாய் விட்டுச் சென்ற இருபது லட்சம் ஸ்லொட்டித் தாளையும் இந்த நாணயத்தையும் என் மேசையில் வைத்துக் காட்டினார். அங்கே விலைவாசி ஏறி ஏறிப் பணத்தில் பூச்சியங்கள் பெருகிவிட்டன. அரசாங்கம் நான்கு பூச்சியங்களை வெட்டிவிட்டது. பழைய பத்தாயிரத்துக்கு இந்த ஒரு காசு. தாயின் அந்தத் தாள் ஏறக்குறைய ஐம்பது பவுண்தான்.

அக்காவின் கோட்டின் உள்துணிக்குள் இருந்த அந்தத் தாளை ஒரு காலையில் கணவர் கண்டுபிடித்துவிட்டார். அலறல் கேட்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஓடினேன். அக்காவின் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்தபடி, மற்ற மில்லியன்கள் எங்கே என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது பவுண்தான், பூச்சியங்களை வெட்டிவிட்டார்கள் என்று அக்கா சொல்லும் ஒவ்வொரு முறையும் தலை சுவரில் மோதியது. சுவரில் இரத்தம் வழிந்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். நான் வங்கியில் வேலை செய்தவள் என்று அவருக்குத் தெரியும். இவள் சொல்வது உண்மையா என்று கேட்டார்.

நான் கணக்கைப் பிழையாகச் சொல்லிப் பழகாதவள்.

"ரெண்டு மில்லியன்தான், பூச்சியம் ஒண்டும் வெட்டேல்லை. நகரத்துக்குள்ள பெரிய இடத்திலதான் மாத்துவினம். மத்தியானத்துக்கு முன்னம் நீங்களே கொண்டுபோங்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மயிரை விட்டார். கை கழுவி, முகம் வழித்து, கழுத்துப்பட்டி கட்டி, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் முகத்தைத் துடைத்து, என் கோட்டைப் போட்டு டாக்சியில் ஏற்றினேன். ஏறும்போது இந்தக் காசை மகளின் கையில் வைத்தார்.

பின்னேரம் எங்கள் கதவின் கீழ்ப்பலகை உடைந்தது. அந்த ஓட்டைக்குள்ளால் அக்காவின் கணவருடைய கை நுழைந்து தாழ்ப்பாளைத் தேடியது. என்னை என்ன செய்வேன் என்பதை அல்ல, பிள்ளையை என்ன செய்வேன் என்பதைத்தான் அவர் கத்திக்கொண்டிருந்தார். குசினியிலிருந்து இடியப்ப உரலை எடுத்து அந்த விரல்களில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்ட பிறகும் அடித்தேன். அயலவர் அழைத்த பொலிஸ் வந்து அவரைக் கொண்டுபோனது.

பெற்றோல் ஸ்டேசன் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் கதவைப் பார்த்தார். "பாங்கில வேலை செய்தவள் குடுத்த கணக்கு இது" என்றார். பலகை அடித்துக்கொண்டே, "பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஏன் போனனி?" என்று கேட்டார். நான் ஆணிகளை எடுத்துக் கொடுத்தேன். அக்கா நத்தார்ப் பண்டிகைதோறும் லீட்ஸிலிருந்து தொலைபேசி எடுக்கிறார்.

நேற்றும் மகள் அந்தக் காசை எடுத்தாள். "வாயில வைச்சிடாத, தா" என்றேன். ஐந்து வயதுப் பிள்ளை, சிரித்தாள். கதவு உடைந்தபோது மூடியதுபோலவே கையை இறுக்கி மூடிக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விரித்து எடுத்தேன்.