இரத்தம் இளக்கும் மாத்திரையும் நான் மறைத்த கஷாயமும்

மாரியம்மனை நம்பி வாழும் என் சனங்களே, என் மனைவி பாக்கியம் சாகக் கிடந்தாள். அவளை அந்த நிலைக்குக் கொண்டுபோனதில் நோய்க்குப் பாதிப் பங்கு, எனக்குப் பாதிப் பங்கு. வெட்கத்தோடுதான் இதைச் சொல்லுகிறேன்.

வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. பாக்கியம் கொழுந்து எடுப்பவள். 1962 சித்திரையில் எங்களுக்கு மூன்றாவது பெண் பிறந்தாள். பத்தாம் நாள் பாக்கியத்தின் இடது கால் தொடைவரை வீங்கிப் பளபளத்தது. மறுநாள் நெஞ்சுவலி. மூச்சு விட முடியவில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். காலில் இரத்தம் உறைந்து கட்டியாகி, அதில் ஒரு துண்டு நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம்.

அனுப்பும்போது தமிழ் தெரிந்த நர்ஸ் அம்மா ஒருவர் என்னை நிறுத்திச் சொன்னார்.

"இது ரத்தத்த இளக்குற மாத்திரை. ஒரு நாளும் விடக் கூடாது, கூட்டியும் போடக் கூடாது. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்து ரத்தம் சோதிக்கணும். தலைவலிக்குக்கூட எங்களக் கேக்காம வேற மருந்து குடுத்துடாதீங்க. நாட்டு மருந்தும் வேணாம்."

தலையாட்டினேன். முதல் சோதனைக்குக் கூட்டிப்போனேன். அதன் பிறகுதான் தொழிற்சாலைக் கிளாக்கர் ஐயா ஒரு நாள் மாத்திரையின் பெயரைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அடப்பாவி, நம்ம சாக்கு அறையில எலிக்கு வைக்கிறோமே, அதே சாமான்தான்டா இது!"

அவர் சொன்னது பொய்யில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அளவுதான் வேறு. ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு எலி மருந்தா? வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். தலவாக்கலைக் கடைத்தெருவில் இருந்த வைத்தியரிடம் ஓடினேன்.

"இங்கிலீஷ் மருந்து ஏதும் சாப்பிடுதா?" என்று அவர் கேட்டார்.

"இல்லைங்க" என்றேன். தெரிந்தால் மருந்து தரமாட்டாரோ என்ற பயம்.

பூண்டும் இஞ்சியும் இன்னும் சில வேர்களும் சேர்த்த சரக்கைக் கொடுத்தார். காலையும் மாலையும் கஷாயம் வைத்து நானே ஊட்டினேன். மண்ணில் முளைத்தது கெடுதல் செய்யாது என்று நம்பினேன். கால் வலிக்கிறது என்றபோது கடையில் ஆஸ்பிரின் பொடி வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் சோதனைக்குப் போகவேயில்லை. மாத்திரைதான் இல்லையே, சோதனை எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பத்து நாளில் பல் ஈறில் இரத்தம் கசிந்தது. தொட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. உடம்புச் சூடு என்றேன். ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடித்துக் கொஞ்ச நேரத்தில், அவள் மூக்கிலிருந்து இரத்தம் கொட்ட ஆரம்பித்தது. நிற்கவில்லை. சிறுநீரும் சிவப்பாகப் போனது. ஒரு சேலை முழுக்க நனைந்துவிட்டது.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க" என்றாள், குரலே வரவில்லை. "நான் மாத்திரைய விடலைங்க. விட்டா செத்துருவேன்னு பயமா இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாம போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு மருந்தும் ஒரே உடம்புக்குள் போயிருக்கின்றன.

தோட்டத்து டாக்டர் ஐயா நாங்கள் குடியிருந்த லயத்துக்கே வந்தார். "வேற என்னப்பா குடுத்த?" என்று கேட்டார். அப்போதும், "ஒண்ணுமில்லைங்க ஐயா" என்றேன். என் நாக்கு அப்படிப் பழகிவிட்டது. உடனே கண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார். பாதையில் மண் சரிந்து லொறி போக வழியில்லை. நாற்காலியில் மூங்கில் கட்டி, நாலு பேர் அவளை ஸ்டேஷனுக்குத் தூக்கினார்கள். கைப்பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்கா வாங்கிக்கொண்டார்.

மாரியம்மன் கோயிலைக் கடக்கும்போது நான் நின்றுவிட்டேன். மழைச் சேற்றில் விழுந்தேன். "தாயே, அவ ஒரு தப்பும் செய்யல. பொய் சொன்னவன் நான். என்னை எடுத்துக்க, அவள விட்டுரு" என்று கதறினேன். வேறு ஒன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அழுது எழுந்தபோது நெஞ்சில் ஒன்றே ஒன்றுதான் நின்றது: போய்ச் சொல்லிவிடு.

அவளைத் தூக்கிப் போகச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினேன். டாக்டர் ஐயாவின் காலைப் பிடித்துக்கொண்டு கஷாயம், ஆஸ்பிரின் பொடி, போகாத சோதனை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. அத்தனையையும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி என் கையில் திணித்து, "ஓடு" என்றார்.

ஸ்டேஷனை அடைந்தபோது கண்டிக்குப் போகும் கோச்சி போயிருக்க வேண்டிய நேரம் தாண்டி ஒரு மணித்தியாலம். போயிருக்கவில்லை! நானுஓயாப் பக்கம் தண்டவாளத்தில் கல் விழுந்து தாமதமாம். நாங்கள் போய்ச் சேர்ந்து பத்து நிமிடத்தில் அது புகைவிட்டுக்கொண்டு வந்தது. சிங்கள ஸ்டேஷன் மாஸ்டர் பாக்கியத்தைப் பார்த்துவிட்டு டெலிபோனை எடுத்தார். கண்டியில் இறங்கியபோது ஆம்புலன்ஸ் நின்றது.

பெரிய டாக்டர் அந்தத் தாளைப் படித்தார். உடனே ஊசி போட்டார்கள், இளகிய இரத்தத்தை மறுபடி உறைய வைக்கும் ஊசி. இரத்தமும் ஏற்ற வேண்டுமென்றார்கள். என் இரத்தம் அவளுக்குச் சேரவில்லை. நான் வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டிருந்தபோது, வார்டில் வேலை செய்த சிங்களவர் ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். அவருடைய இரத்தம் சேர்ந்தது. நாங்கள் யார், எந்தத் தோட்டம் என்றுகூட அவர் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பாக்கியம் கஞ்சி கேட்டாள். அன்றைக்கு நான் அழுத அழுகையை எப்படிச் சொல்வேன்!

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, நர்ஸ் அம்மா மூலமாகச் சொன்னார்: "பூண்டு குழம்புல இருக்கட்டும். கஷாயமா காய்ச்சி வேளாவேளைக்குக் குடிச்சா அதுவும் மருந்துதான். அதோ ஆஸ்பிரின் பொடியோ இந்த மாத்திரையோட சேர்ந்தா ஆளக் கொல்லும். மாத்திரைய நீயா நிறுத்தினாலும் கொல்லும்."

அதன் பிறகு ஆறு மாதம் மாத்திரை. ஒரு சோதனையும் தவறவிடவில்லை. கடைசியில் டாக்டரே போதும் என்று நிறுத்தினார். தலவாக்கலை வைத்தியரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். "சொல்லியிருந்தா நான் தொட்டே இருக்கமாட்டேனேப்பா" என்று அவர் கண்கலங்கினார்.

இப்போது பாக்கியம் மறுபடி கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறாள். வீட்டில் நாங்கள் ஒருவருக்கொருவர் எதையும் ஒளிப்பதில்லை. ஒவ்வொரு வெள்ளியும் இருவரும் பிள்ளைகளோடு கோயிலுக்கு வருகிறோம்.

என் சனங்களே, உங்கள் வீட்டிலும் நோய் வரும், பயம் வரும். தாயிடம் வாருங்கள், வாய்விட்டு அழுங்கள். அவள் கேட்பாள், எனக்குக் கேட்டாள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடுத்தது என்ன, குடித்தது என்ன என்று டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அதைச் சொல்லும் தைரியத்தையும் அவளே தருவாள்.