மெஹபூப் அலி துடைத்த இரைச்சல்

எங்க வீட்டுக்காரர் மெஹபூப் அலிக்கு இரைச்சல்னா ஆகாது. கோபாலபுரத்துல மாடி ரூம்ல உக்காந்துக்கினு, பழைய கேசட்டுல இரைச்சலைத் துடைச்சுக் குடுக்கிறதுதான் முப்பது வருஷமா அவர் பொழப்பு. நான் கீழ மிக்ஸி போட்டா, "அஸ்மத்து, நிறுத்து!"ன்னு ஓடி வருவார். இந்த வீட்ல தும்மக்கூட உத்தரவு வேணும். என் தலையெழுத்து.

போன மாசம் சத்யராணின்னு ஒரு பொண்ணு வந்துச்சு. அடையாறுல நர்சு, ஊட்டிப் பக்கம் தோடர் ஜனம். செத்துப்போன அவங்க அப்பா, எருமைங்களை ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் கூப்பிடுற கேசட்டு ஒண்ணு கொண்டாந்துச்சு.

"எங்க பாஷைக்குன்னு தனியா எழுத்து கிடையாதுக்கா. அவர் குரல் வேற எங்கயும் இல்ல. மந்தையைப் பாத்துக்கிற தம்பிக்குப் பாதிப் பேர் தெரியாது."

கம்ப்யூட்டர்ல ஏத்தி முடிக்கறதுக்கும் நாடா நொறுங்கறதுக்கும் சரியா இருந்துச்சு. பதினஞ்சு நாள் துடைச்சார். துடைச்சவர் சும்மா இருந்தாரா? "அழுக்கு எதுக்கு?"ன்னு கம்ப்யூட்டர்ல இருந்த துடைக்காத முதல் பதிவையும் அழிச்சிட்டார்!

சத்யராணி வந்து கேட்டுச்சு. முகமே செத்துப்போச்சு.

"பாதிப் பேச்சு எங்க சார்?"

"இரைச்சலைத்தான்மா எடுத்தேன்."

"அது இரைச்சல் இல்ல சார். நாக்கு ஓரமா காத்து விடுவோம், சில சத்தத்தை வெறும் மூச்சுலயே முடிப்போம். அதான் எங்க பாஷை."

சொல்லிக் காட்டிச்சு. விசிலுக்கு முன்னாடி குக்கர் சீறுமே, அப்படி.

நான் அவர் மேல பாஞ்சேன். "யா அல்லாஹ்! ஒரு வார்த்தை அந்தப் பொண்ணைக் கேட்டியா மனுஷா? அப்பன் வாயையே துடைச்சிட்டியே!"

அவர் மைக்கை மெதுவா இழுத்து சத்யராணி முன்னாடி வெச்சார். "விட்டுப்போனதை நீ சொல்லும்மா. அந்தந்த எடத்துல சேத்துடறேன்."

மூணு நாளும் டியூட்டி முடிஞ்சதும் வந்து சொல்லிச்சு. ஃபேனையும் நிறுத்திட்டு வேர்த்து ஊத்த உக்காந்திருந்தோம். அப்பா குரலுக்கு நடுவுல மக மூச்சு.

முழுசா கேட்டுட்டு, "இது எங்கப்பா இல்ல சார்"ன்னு சொல்லிச்சு. ஆனாலும் தம்பிக்கு அனுப்பிச்சு.

கொஞ்ச நேரத்துல தம்பி போன் பண்ணான். அவங்க பாஷைல என்னவோ சொன்னான். சத்யராணி அழ ஆரம்பிச்சிடுச்சு.

"இன்னாம்மா ஆச்சு?"ன்னு பதறிட்டேன்.

"மந்தை பக்கத்துல போட்டுக் காட்டினானாம். கிழட்டு எருமை ஒண்ணு ஓடி வந்து போனை மோந்துட்டு நிக்குதாம்க்கா. தொரத்தினாலும் போவலையாம்."