பாரம் இறங்கிய வான்

வவுனியா முதலாளி சாமான் ஏற்ற அந்த வானைக் கட்டுவித்தபோது, அதன் சாரதியான எனக்குப் பெருமை தாங்கவில்லை. முந்திய வான்களில் சாமான் எடுக்க இறங்கிச் சுற்றிப்போய்ப் பின்கதவைத் திறக்க வேண்டும். உள்ளே கூனிக்கொண்டு நிற்க வேண்டும். இதிலோ பழைய லொறியின் அடிச்சட்டத்தின் மேல், ஆள் நிமிர்ந்து நின்றாலும் மிச்சம் இருக்கும் உயரத்துக்குத் தச்சர் பலகைக் கூடு அடித்திருந்தார். ஓட்டுகிற ஆசனத்திலிருந்து எழுந்து அப்படியே பின்னால் நடக்கலாம்.

அன்று காலை சீனி, மா, உப்பு மூட்டைகளோடு முள்ளியவளைக்கு வந்தேன். கோயில் திருவிழாவுக்காகத் தெருவுக்குக் குறுக்கே பனங்குற்றி வைத்து வளைவு கட்டியிருந்தார்கள். வானின் கூரை மயிரிழையில் தப்பியது. கடைகளில் மூட்டைகளை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனால், மனைவிக்குப் பிரசவ நோ தொடங்கியிருந்தது. மருத்துவிச்சி வேறொரு பிரசவத்துக்குப் போயிருந்தார். எங்கள் முதல் பிள்ளை இறந்து பிறந்த வீடு அது. வானுக்குள் வெறும் சாக்குகளை விரித்து அவளைப் படுக்கவைத்து, வவுனியா ஆஸ்பத்திரிக்கு வானை விட்டேன்.

வளைவில் கூரை முட்டியது. பாரம் இறங்கியதும் வில்பட்டைகள் நிமிர்ந்து வான் உயர்ந்துவிடும் என்று இந்த மடையன் யோசிக்கவே இல்லை. இரு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல். சாமி ஒருமுறை கீழால் போகாமல் வளைவை அவிழ்க்கிற வழக்கமும் இல்லை.

“வளைவை வெட்டிப் போடுவன்!” என்று கத்தினேன். பின்னால் அவளுடைய முனகல் விட்டுவிட்டுக் கேட்டது. அது கேட்காத நேரத்தில்தான் எனக்குப் பயம் கூடியது.

சாமி பார்க்க அர்ச்சனைத் தட்டுகளோடு காத்துநின்ற பெண்களில் நடுவயதுக்காரி ஒருவர் கிட்ட வந்தார். “பாரம் ஏத்தினா வான் பதியுமோ தம்பி?”

“ஓம் அக்கா. ஆனா பிள்ளைப்பெறுகாரி கிடக்கிற இடத்தில ஆம்பிளையளை எப்படி ஏத்திறது?”

“நாங்கள் ஏறுறம்.”

“உள்ளுக்கை பிள்ளை பிறந்தா துடக்கு. சாமி பாக்கேலாது” என்று யாரோ சொன்னார்கள். விரதம் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா தட்டை வேலியோரம் வைத்துவிட்டு ஏறினார். பிறகு எல்லோரும் நெருக்கியடித்து ஏறினார்கள். வான் பதிந்தது. ஊர்ந்து ஊர்ந்து கடந்தேன்.

அப்பால் நிறுத்தி, “இறங்குங்கோ, சாமி வரப்போகுது” என்றேன். மற்றவர்கள் இறங்கினார்கள். அக்கா என் மனைவியின் கையை விடவில்லை.

“சாமி வாற வருசமும் வரும். நீ ஓட்டு.”

ஒட்டுசுட்டான் தாண்டியதும் “நிப்பாட்டு!” என்றார் அக்கா. எழுந்து பின்னால் ஓடினேன். பிள்ளை பிறந்திருந்தது, அழுகை இல்லை. அக்கா நிமிர்ந்து நின்று, பிள்ளையைக் காலில் பிடித்துத் தலைகீழாக உயரத் தூக்கி முதுகில் தட்டினார். வழியெல்லாம் நான் ஏசிக்கொண்டு வந்த அந்த உயரக் கூரையின் கீழ் என் மகள் வீரிட்டாள்.