சின்னம்மாவைப் பார்க்க வந்தவர்

சின்னம்மாவைப் பெண் பார்த்தது ஒரு படகில் வைத்து. நடப்பது பெண் பார்க்கும் படலம் என்று தெரியாமல் அந்தப் படகில் இருந்தவர்கள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியும், அவர்களுக்கு விளக்கம் சொல்ல வந்த வழிகாட்டியும், படகோட்டியும், நானுந்தான்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு வேலணையில் எங்களோடு இருந்தார். அதற்கு முன்பு வந்த சம்பந்தங்கள் வீட்டுக்கு வந்து, வடை சாப்பிட்டு, போய்ச் சொல்லுகிறோம் என்று போய், சொல்லாமலே விட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் எங்கள் வாசல் படலையடியில் மாப்பிள்ளை வீட்டாரின் வான் நின்றதை ஊர் பார்த்தது. திரும்பி வராததையும் பார்த்தது. ஆகவே சுவிஸிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அக்கா சொன்ன யோசனை அப்பாவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. ஊர்காவற்றுறையிலிருந்து ஏழெட்டுப் பேரை ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டும் ஒரு படகு ஓடியது. இரண்டு பகுதியும் முன்பின் தெரியாதவர்கள் போல அதில் ஏறுவது. சரிவந்தால் சரி, வராவிட்டால் ஊருக்குத் தெரியவராது. சின்னம்மாவுக்குத் துணை நான். எனக்கு அப்போது ஏழு வயது.

நான் சந்தோசமாகத்தான் ஏறினேன். மிதவைச் சட்டையை வழிகாட்டி எனக்கு மாட்டிவிட்டார். கரம்பொன்காரர், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவது போன்ற குரல். கடலுக்கு நடுவே நிற்கும் கோட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொன்னார். தண்ணீருக்குள் வேரூன்றி நின்ற கண்டல் பற்றைகளுக்குள் படகு நுழைந்ததும் குரலைத் தாழ்த்திப் பூநாரைகளைக் காட்டினார். சின்னம்மா பூநாரைகளைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அக்கா சின்னம்மாவைப் பார்த்தார். அவரோடு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்த மனிதர் ஒன்றையும் பார்க்கவில்லை. ஏறியதிலிருந்து தன்னுடைய காலில் கிடந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்து சப்பாத்தைப் பார்க்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

திரும்பும்போது சோழகக் காற்று எழும்பியது. கோட்டையைத் தாண்டும் முன்னரே, யாரோ கைவிட்ட வலைத்துண்டொன்று இயந்திரத்தின் விசிறியில் சுற்றிக்கொண்டது. இயந்திரம் ஒருமுறை இருமி நின்றது. படகு பக்கவாட்டில் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டத் தொடங்கியது. முதல் அலை என் மடியில் விழுந்தபோதுகூட எனக்குப் பயமில்லை. வழிகாட்டி பேச்சை நிறுத்தியபோதுதான் பயம் வந்தது.

படகோட்டி கத்தியோடு பின்பக்கம் குனிந்தார். பாரம் பின்னுக்குச் சாயாமல் எல்லோரையும் முன்னுக்கு வந்து குந்தச் சொன்னார். வெள்ளைக்காரப் பெண் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடினார். மாப்பிள்ளையின் அக்கா நயினை அம்மாளைக் கூப்பிட்டு அழுதார். கரை பார்க்கப் பார்க்க விலகிப்போனது. படகுக்குள் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது. சின்னம்மா ஒரு வாளியை எடுத்து அள்ளி ஊற்றத் தொடங்கினார்.

அந்த மனிதர் என் மிதவைச் சட்டையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். மீசை வைத்த ஒருவர் சத்தமில்லாமல் அழுவதை நான் அதுவரை கண்டதில்லை.

அவர் சின்னம்மாவைப் பார்த்து முதன்முதலாகப் பேசினார். "என்னை மன்னிச்சுக்கொள்ளும். எழும்பி உதவி செய்ய எனக்கு ஏலாமல் கிடக்கு. வெளிநாட்டுக்குப் போகேக்கை ஒருக்கா இப்பிடித்தான் நடுக்கடல்லை படகு நிண்டது. பக்கத்திலை இருந்த பெடியன் என்ரை கையிலையிருந்து வழுகிக் கடலுக்குள்ளை போயிட்டான்."

சின்னம்மா வாளியை நிறுத்தவில்லை. "அப்ப ஏன் இதிலை ஏறினனீங்கள்?"

"ஏறமாட்டன் எண்டு சொன்னால் உம்மை வேண்டாமெண்டு சொன்னதா நினைப்பினம்."

சின்னம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக அள்ளினார். எனக்கு வார் தோளை அறுத்தது. விடச் சொல்லிச் சிணுங்கினேன்; அவர் விடவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இழுபட்டோம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கடைசியில் வலை அறுந்து, இயந்திரம் பிடித்தது. வழிகாட்டிக்குக் குரல் திரும்பி வந்தது. ஆனால் மிச்சமிருந்த விளக்கங்களை ஒருவரும் கேட்கவில்லை. இறங்குதுறையில் அந்த மனிதர் கடைசியாகத்தான் இறங்கினார். அக்காவோடு நடந்து போனார்.

நாங்கள் வீட்டுக்கு வர முன்னரே, படகு நடுக்கடலில் நின்ற செய்தி வந்துவிட்டது. அப்பா முற்றத்தில் நின்றார். தன் யோசனையல்ல என்று சொல்வதற்கு அவர் ஆயத்தமாக இருந்தார் போலிருந்தது. தப்பி வந்ததைப் பற்றியெல்லாம் கேட்டு முடித்த பிறகு, மெல்ல, ஆள் எப்படி என்று கேட்டார்.

"எல்லாரும் பதறேக்கை, அவர்தான் நிதானமா இருந்தவர்" என்றார் சின்னம்மா.

நான் திகைத்துப்போனேன். பொய் சொன்னால் கடவுள் கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே சின்னம்மாதான். "இல்லை, அவர் அழுதவர்" என்றேன்.

அம்மா தங்கையைப் பார்த்தார். சின்னம்மாவின் முகம் மாறவில்லை. "அது கடல்தண்ணி தெறிச்சது" என்றார். பிறகு அப்பாவிடம், "எனக்கு ஓமெண்டு சொல்லிவிடுங்கோ" என்றுவிட்டு உடுப்பு மாற்ற உள்ளே போனார். வந்த சம்பந்தங்களின் பதிலுக்காகவே காத்திருந்து பழகிய அப்பாவுக்கு, இது விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

அன்று என்னைக் குளிக்க வார்க்கும்போது, தோளில் சிவப்பாய்க் கன்றியிருந்த தடத்தைக் கண்டு அம்மா பதறிப்போனார். என்ன இது என்று கேட்டார். அந்த மாமா கடலுக்குள் விழுந்துவிடாமல் இருக்க என்னைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என்று சொன்னேன். அவ்வளவு பெரிய ஆளைத் தாங்கிக்கொண்டிருந்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.