தெளிந்த தண்ணீரில் செத்த தெள்ளுகள்

தண்ணீர்த் தெள்ளை வளர்ப்பது எளிது. அது ஏன் செத்தது என்பதை மனிதர்களுக்குப் புரியவைப்பதுதான் பாடு. கடுகைவிடச் சற்றே பெரிய அந்த உயிரைத் தண்ணீரில் விட்டு, அதில் விஷம் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். திருப்பதியில் ஒரு கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தில் நான் அதற்குத்தான் உதவியாளன்.

மந்திரப் பொடி

நகரியிலிருந்து ஒரு சாயப்பட்டறை முதலாளி வந்தார். கழிவுநீரில் செம்பும் காட்மியமும் இருந்ததால் ஏரியில் விடக்கூடாதென்று தடை. இப்போது அதில் நானோ பொடி என்கிற மிக நுண்ணிய பொடியைக் கலக்கிறாராம். அது உலோகத்தை இழுத்துத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளுமாம். சுத்தம் என்று சான்றிதழ் வேண்டும். தெள்ளு விட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். "மிஷின்ல பாத்தா போதாதா பெரியவரே, பூச்சிகிட்டப் போயி கேக்கணுமா?"

வயிறு

சோதனை செய்தவள் ஆராய்ச்சி மாணவி மோகனா. அவள் அப்பா அதே பட்டறையில் சாயம் காய்ச்சுகிறவர். குவளைக்குப் பத்துத் தெள்ளு விட்டோம். நல்ல தண்ணீரில் வெறும் பொடி கலந்த குவளையில் பத்தும் நீந்தின. முதலாளியின் தண்ணீரில் மறுநாளே ஒன்பது அடியில் கிடந்தன. நம்பாமல் மறுபடி எண்ணினேன். உருப்பெருக்கியில் பார்த்தால் குடல் முழுக்க வெள்ளைப் பொடி. தண்ணீரில் கரைந்திருந்த உலோகம் பொடியில் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போயிருந்தது. மோகனா கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பாசின்னு நெனச்சிக்கினு விஷத்தத் துன்னுக்கீதுங்க."

வடிகட்டி

முதலாளி கொதித்துப்போய் வந்தார். தண்ணீரை நுண்வடிகட்டியில் விட்டுப் பொடியை எடுத்துவிட்டு, அப்புறம் தெள்ளை விடச் சொன்னார். ஏரியில் விடும்போதும் வடிகட்டுவீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, கூச்ச சுபாவம். மோகனா கேட்டாள். அவ்வளவு தண்ணீரை எவன் வடிகட்டுவான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி அவளிடம் சொன்னார். "ஒங்க நைனா நாளிக்கும் வேலைக்கு வரணும் இல்ல? அத்த யோசிச்சி எழுதும்மா."

தொலைபேசி

அவள் அங்கேயே அப்பாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். ஏரி மீனுக்கும் இது ஆபத்தா என்று அவர் கேட்டார். மீன் தின்பதே இந்தத் தெள்ளைத்தான் என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கே அடுத்தது கேட்டது. "உள்ளத எழுதிடும்மா. நான் ரேணிகுண்டாவுல வேற வேல தேடிக்கிறேன்."

உள்ளதை எழுதினாள். அப்பாவுக்கு வேலை போனது. முதலாளி வேறொரு கூடத்தில் வடிகட்டிய தண்ணீரைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிவிட்டார். வடிகட்டாத தண்ணீர் ஏரியில் விழுகிறது.

ஏரியில் உள்ள உயிர்கள் சான்றிதழைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை என்பது ஒன்றுதான் இந்த ஏற்பாட்டில் உள்ள குறை.