மொழிபெயர்ப்பாளருக்குப் பசிக்கிறது

மூன்றாவது மாடியிலிருந்து இறங்கும்போதே அவள் வேறு யாராகவோ ஆகிவிடுகிறாள். இரண்டாம் மாடிக் கதவுக்குப் பின்னால் வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். அவள் நடையை நிறுத்தாமல், உதடு மட்டும் அசைய, அந்தச் செய்தியைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவாள். முதல் மாடியில் யாராவது பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தால் அந்தத் திட்டும் தமிழாகும். பேருந்தில் முன் இருக்கைக்காரர் தொலைபேசியில் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டால் இவளும் கூடவே மன்னிப்புக் கேட்பாள். புதிதாகப் பார்க்கிறவர்கள், பாவம், சின்ன வயதில் இப்படியா என்று தள்ளி உட்காருகிறார்கள். எதிர் வீட்டில் குடியிருக்கிற எனக்கே இது பழகச் சில மாதம் பிடித்தது.

அவள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். இந்த ஊர் நீதிமன்றம் பேசுவது ஒரு மொழி, கூண்டில் ஏறுகிற நம்மவர்கள் பேசுவது தமிழ். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும்போது சாம்பல் நிறத்தைத் தவிர வேறு உடுத்துவதில்லை. வீட்டுக்கு வந்ததும் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சுக்கு மாறிவிடுவாள். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"கோர்ட்ல ஆளை யாரும் பாக்கவே கூடாது அத்தை. குரல் மட்டும் கேக்கணும். ஆள் தெரிஞ்சா வேலை கெட்டுச்சு."

அந்தக் குரலுக்கு அவள் செய்கிற சிசுருஷையைப் பார்க்க வேண்டுமே. பையில் எப்போதும் வெந்நீர்க் குடுவை. வேலை நாளில் குளிர்ந்தது எதுவும் தொண்டையில் இறங்காது. காலையில் தம்பியோடு சண்டை போடக்கூட மாட்டாள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து வார விடுமுறையில் போடுவாள்.

அவள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. கூண்டில் நிற்பவர் "நான்" என்றால் அவளும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்றெல்லாம் சுற்றி வளைக்கக் கூடாது. "சாட்சி திருடியிருந்தா, நான் திருடினேன்னு சொல்லணும். தாத்தாவா இருந்தா, என் பேரன் என்னைக் கவனிக்கறதில்லன்னு சொல்லணும்" என்பாள். அப்படியானால் அவளுக்காக ஏதாவது பேச வேண்டியிருந்தால்? அப்போது, "மொழிபெயர்ப்பாளர் சொல்வது" என்று ஆரம்பிக்க வேண்டுமாம். தன்னையே யாரோ மூன்றாம் மனுஷி போலக் குறிப்பிட வேண்டும். நாள் முழுவதும் "நான்" என்பதைப் பிறருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வருவதால், வீட்டில் அவளுக்கே அது கிடைப்பதில்லை.

"அம்மா, மொழிபெயர்ப்பாளருக்குப் பசிக்குது."

"ரேடியோவுக்குப் பசி வேறயா? தட்டை எடுத்து வை, வரேன்" என்பார் அம்மா. வீட்டில் அவள் பெயர் ரேடியோ.

ஒருமுறை அம்மாவும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நடுவில் இவளை வைத்துத்தான் போக்குவரத்து. "சாப்பாட்டுல உப்பே இல்லைன்னு சொல்லு" என்றான் தம்பி. இவள் அம்மா பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "சாப்பாட்டில் உப்பே இல்லை. கல்லூரி விடுதியில் இதைவிட நன்றாகச் சமைப்பார்கள்" என்றாள். பின்பாதி அவன் முணுமுணுத்தது. அதையும் விடவில்லை. அம்மாவின் கரண்டி இவள் முதுகில் விழுந்தது. "சொன்னது அவன்மா!" என்று அலறினாள். "வாய் உன்னோடதுதானே" என்றார் அம்மா. நான் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறியது.

இத்தனை கறாரான பெண், மாலையில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தால் வாய் கூசாமல் பொய் சொல்லுவாள். அந்த வீட்டின் செல்ல நாடகம் ஏதோ தூர தேசத்தில் எடுத்தது. பெரிய மாளிகை, சொத்துக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகள், எல்லோரையும் ஆட்டி வைக்கிற ஒரு மாமியார். பேசுகிற மொழி வீட்டில் யாருக்கும் தெரியாது. கீழே இந்த ஊர் மொழியில் எழுத்து ஓடும். அதைப் பார்த்து அவள் தமிழில் பேசுவாள். மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல், குதிரைக்குக்கூட ஒரு கனைப்பு. எதிர் வீட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான் போவது அதற்காகத்தான். நாடகம் சுமார்தான். அவள் குரலில் கேட்டால் அமர்க்களமாக இருக்கும்.

முக்கியமான ரசிகர் அவளுடைய அப்பா. ரொட்டிக்கடை அடுப்படியில் மாவு பிசைகிறவர், ஆள் மலை மாதிரி. இந்த ஊர் மொழியில் அவருக்கு மாவுக்கும் உப்புக்கும் சண்டை போடத் தெரியும், நாடகம் பார்த்து அழுகிற அளவுக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். எழுத்தைப் படிக்கவும் கண்ணாடி வேண்டும். அது எங்கே கிடக்கிறதோ! "ரேடியோ இருக்கும்போது கண்ணாடி எதுக்கு?" என்பார். அந்த நாடகத்தில் அவருக்குப் பிடித்த ஒரே ஆள், ரோஜாச் செடிகளோடு பேசுகிற கிழட்டுத் தோட்டக்காரர். "நானும் மாவோட பேசுவேன்ல" என்று சொல்லிவிட்டு வெட்கப்படுவார்.

அந்தத் தோட்டக்காரர் ஒருநாள் செத்துப்போனார். கீழே எழுத்து ஓடுகிறது, நான் படிக்கிறேன்: இரவு தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டது. மாளிகையில் எல்லோரும் அழுகிறார்கள். அப்பா முன்னால் குனிந்து, "ஏம்மா அழறாங்க?" என்றார். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "தோட்டக்காரர் தங்கச்சி வீட்டுக்குப் போறாராம்ப்பா. பிரிய மனசில்ல." அப்பா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். அன்றிலிருந்து நாடகம் தொடங்கும்போதெல்லாம், "இன்னைக்காவது திரும்பி வருவாரா?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. "தங்கச்சி விடமாட்டேங்கறாங்களாம்" என்று அவளும் சொல்லிவிடுவாள். அம்மாவும் தம்பியும் நானும் மேலே கூரையைப் பார்ப்போம்.

வழக்குகளைப் பற்றி வீட்டில் மூச்சுவிட மாட்டாள். ஆனால் நீதிமன்றம் திறந்த இடம், யாரும் போய் உட்காரலாம். எனக்கோ ஆவல் தாங்கவில்லை. "வாங்க அத்தை. ஆனா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க" என்றாள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். இனி நான் எழுதுவது என் காதால் கேட்டது, அவள் சொன்னதல்ல.

குற்றம் சாட்டப்பட்டு நின்றவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர், ஐம்பதை நெருங்கியவர். தன் தம்பியை மிரட்டினார் என்று வழக்கு. புகார் கொடுத்தது தம்பி மனைவி. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழ் அரைகுறை. தம்பிக்கு வேலை போயிருந்த சமயம் அண்ணன் தொலைபேசியில் கத்தியிருக்கிறார். ஒலிபெருக்கியில் இருந்ததால் அவளுக்கும் கேட்டது. மறுநாள் விடிந்ததும் அண்ணன் வந்து கதவை இடித்திருக்கிறார். தம்பி திறக்கவில்லை. அவள் பயந்துபோய்க் காவலரைக் கூப்பிட்டுவிட்டாள். மிரட்டல் உறுதியானால் அண்ணன் இனிமேல் பிள்ளைகள் ஏறும் வண்டியைத் தொட முடியாது. அந்த மனிதருக்கு அதைவிட்டால் வேறு தொழிலும் தெரியாது.

அந்தப் பெண் முதலில் சாட்சி சொல்லிவிட்டு வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தாள். அடுத்துத் தம்பி கூண்டில் ஏறினார். பக்கத்து நாற்காலியில் சாம்பல் உடையில் நம் பெண். தொலைபேசியில் அண்ணன் என்ன சொன்னார் என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நீ ஒண்ணும் கிழிக்க வேண்டாம். இனிமே உன்னை நான் பாத்துக்கறேன்."

நம் வீடுகளில் இந்தச் சொல் படுகிற பாடு நமக்குத் தெரியும். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் நெற்றியில் கை வைத்து அம்மா சொல்வதும் இதைத்தான். தெருச் சண்டையில் விரலை ஆட்டிக்கொண்டே போகிறவன் சொல்வதும் இதைத்தான். தம்பி மனைவி எதை எடுத்துக்கொண்டாள் என்பது புகாரிலேயே இருந்தது. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் சிலபேர்தான். நல்ல பொருளைச் சொல்லிவிட்டுப் போ பெண்ணே, யார் உன்னைக் கேட்கப் போகிறார்கள் என்று என் மனம் அடித்துக்கொண்டது. செத்துப்போன தோட்டக்காரனையே பிழைக்க வைத்தவள், உயிரோடிருக்கிற ஓட்டுநரைக் காப்பாற்ற மாட்டாளா?

அவள் நீதிபதியைப் பார்த்து இந்த ஊர் மொழியில் சொன்னாள்: "மொழிபெயர்ப்பாளர் சொல்வது. சாட்சி பயன்படுத்திய சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று ஆதரவு, இன்னொன்று மிரட்டல். எது என்பதைச் சாட்சியிடம்தான் கேட்க வேண்டும்."

"உங்களுக்கு எது சரியென்று படுகிறது?" என்றார் நீதிபதி.

"மொழிபெயர்ப்பாளருக்குக் கருத்து இல்லை."

பேருந்து ஓட்டுநர் அவளைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நம்ம பொண்ணு, நம்மள இப்படி விட்டுட்டாளே என்கிற பார்வை. எனக்கும் அவள்மேல் கோபம் வந்தது. ஒளிப்பானேன்?

நீதிபதி தம்பியிடம் கேட்டார், நீங்கள் எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டீர்கள் என்று. தம்பி ஆரம்பித்தார்.

"எங்கம்மா போனப்ப எனக்கு எட்டு வயசு. எல்லாரும் அழுதாங்க, எனக்கு அழ வரல. அண்ணன் வந்து என் காதைப் பிடிச்சுத் திருகி, அழுடா, இனிமே உன்னை நான் பாத்துக்கறேன்னு கத்தினாரு. அவருக்கு மெதுவாப் பேச வராது. போன்ல கேட்டதும் அதேதான். எனக்குப் பயமெல்லாம் இல்ல, வெக்கமா இருந்துச்சு. கல்யாணம் ஆனவனை இன்னும் அண்ணன் பாத்துக்கணுமான்னு. அதான் கதவைத் தொறக்கல. இவகிட்டயும் சொல்லல."

அவள் மொழிபெயர்க்கத் தொடங்கினாள். "என் அம்மா இறந்தபோது எனக்கு எட்டு வயது." அறை முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. ஆள் தெரியக் கூடாது என்று சாம்பல் உடுத்தி வந்தவள் அந்த நிமிஷத்தில் உண்மையிலேயே தெரியவில்லை. அங்கே எட்டு வயதுப் பையன் ஒருவன் காது சிவக்க நின்றுகொண்டிருந்தான். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. குரல் நடுங்கவில்லை, உருகவும் இல்லை. அவர் தயங்கிய இடத்தில் தயங்கினாள். அந்தச் சொல் வந்தபோது அதை மாற்றவே இல்லை. வேற்று மொழி வாக்கியத்தின் நடுவில் "பாத்துக்கறேன்" என்று தமிழிலேயே வைத்துவிட்டு, "அதனால்தான் நான் கதவைத் திறக்கவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை" என்று முடித்தாள்.

நான் பேச்சிலேயே வாழ்கிற பெண்பிள்ளை. எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டிருக்கிறேன், கை வலிக்கத் தட்டியும் இருக்கிறேன். தன்னிடமிருந்து ஒரு துளிகூடக் கலக்காமல் இன்னொருவர் வலியை இப்படி ஏந்திக் கொண்டுவந்து இறக்கி வைத்ததை அன்றுவரை கண்டதில்லை. அவள் சொந்தமாக நல்ல பொருளைச் சொல்லியிருந்தால் அது வெறும் மொழிபெயர்ப்பாளரின் வார்த்தை. இது தம்பியின் வார்த்தை. எனக்கு இருந்த கோபத்துக்கு நானே வெட்கப்பட்டேன்.

பார்வையாளர் வரிசையில் இருந்த தம்பி மனைவி, கணவன் வாயிலிருந்து ஒருநாளும் வராத கதையை முதன்முதலாகத் தன் மொழியில் கேட்டாள். முதலில் மொழிபெயர்ப்பாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நீதிபதி அந்தச் சொல்லைத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "பாட்டுக்ரேன்" என்று வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிறிது நேரம் ஒத்திவைத்துவிட்டுத் திரும்பக் கூடியபோது, வழக்கைத் தொடர விரும்பவில்லை என்று அரசு வழக்கறிஞர் எழுந்து சொன்னார்.

வெளியே தாழ்வாரத்தில் ஓட்டுநர் இவளை நோக்கி வந்தார். வழக்கில் சம்பந்தப்பட்டவர்களோடு பேசக் கூடாது என்பதும் அவள் விதிகளில் ஒன்று. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு வெந்நீர் குடித்தாள். குடுவை மூடியைத் திருகி மூட மட்டும் அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

அன்று மாலை நாற்காலியோடு போனேன். ஆரஞ்சில் இருந்தாள். மொழிபெயர்ப்பாளருக்குப் பசித்தது, அம்மா தட்டு வைத்தார். நீதிமன்றத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாடகம் தொடங்கியது. தொடங்கியதுமே வந்தது வினை. மாளிகைக் கூடத்தில் தோட்டக்காரரின் பெரிய படம், ஓரத்தில் கறுப்பு நாடா. வீட்டார் வரிசையாக நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

"அது நம்ம தோட்டக்காரர் படம்தானே?" என்றார் அப்பா.

"ஆமாம்ப்பா."

"எதுக்கு மாட்டியிருக்காங்க?"

நாங்கள் மூவரும் கூரையைப் பார்த்தோம். அவளுக்கு ஒரு பொய் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? நானே, சிறந்த தோட்டக்காரர் பரிசு கிடைத்திருக்கிறது என்று ஒன்றைத் தயார் செய்துவிட்டேன். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பகலில் வளைய மறுத்த நாக்கு மாலையிலும் வளையவில்லை.

"மொழிபெயர்ப்பாளர்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "அப்பா, நான்..." என்றாள். அவள் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் நான் கவனித்தேன். அப்பாவின் மூக்கில் கண்ணாடி இருந்தது. விளிம்பெல்லாம் மாவு படிந்த தடித்த கண்ணாடி. எப்போது போட்டார், எத்தனை நாளாகப் போடுகிறார், யாருக்கும் தெரியவில்லை. அவர் திரையில் ஓடிய எழுத்தைக் கடைசிவரை படித்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. தங்கச்சி வீட்டுல அவரு சௌக்கியமா இருக்காரா, அதை மட்டும் சொல்லு" என்றார். கண்ணாடியை மடக்கிச் சட்டைப் பைக்குள் போட்டு, பையின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.